படகு, மணல், கயிறு: ஒரு சிவிடி கியர்பாக்ஸ் போன கதை

உவரிக் கரையில் நின்றுபோய், திசையன்விளை வரை கயிறு கட்டி இழுக்கப்பட்டு, அங்கிருந்து லாரியில் ஏறிப் பாளையங்கோட்டைக்கு எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு காரைப் பற்றிய ஆய்வு இது. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், முன்சக்கர இழுவை, சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியாக இல்லாமல் விகிதம் தானாகவே மாறிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக்), 78,000 கிலோமீட்டர் ஓடிய செடான். வண்டிக்காரர் வந்ததும் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, ஆக்சிலேட்டர மிதிச்சா இரைச்சல் மட்டும் வருது, வண்டி நவுர மாட்டேங்கு. படக இழுத்ததுலதான் கியர்பாக்ஸ் போயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ."

எல்லாரும் சொன்னதில் பாதி சரி. கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு வேறு வேறு காயங்கள் இருந்தன. ஒன்று கடற்கரை மணலில் சில நிமிடங்களில் ஏற்பட்டது. இன்னொன்று அதற்குப் பிறகு, கயிற்றின் முனையில். இவை இரண்டுக்கும் முன்னால் அறுபது எழுபது கிலோமீட்டர் படகை இழுத்துக்கொண்டு ஓடிய தார்ச்சாலை கியர்பாக்ஸில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. சிவிடி வண்டியில் எதையாவது இழுக்க நினைக்கிறவர்கள் இந்த வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எடை மேடை சொன்ன கணக்கு

படகு 18 அடி ஃபைபர். "நானூறு கிலோகூட இருக்காது" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். டிரெய்லரோடு சேர்த்து எடை மேடையில் ஏற்றச் சொன்னேன். 760 கிலோ. வெறும் ஃபைபர் உடல் 340 கிலோதான், விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரும்பு டிரெய்லர் 240, பின்னால் மாட்டும் மோட்டார் 50, பெட்ரோல் கேன்கள் 30, ஐஸ் பெட்டி ஐஸோடு 60, நங்கூரம், கயிறு, வலை, தூண்டில் சாமான் 40. படகு வாங்குகிற யாரும் இந்தப் பின்பாதியைக் கணக்கில் எடுப்பதில்லை.

காரின் எடை 1,100 கிலோ. மூன்று பேரும் சாமானும் ஏறினால் 1,360. ஆக மொத்தம் 2,120 கிலோவை அந்தச் சின்ன என்ஜின் நகர்த்த வேண்டும். ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பே 750 கிலோ. அதுவும், அதை இழுக்கத் தகுதி பெற்ற கார்களுக்கு. இந்தக் காரின் கையேட்டில், டிரெய்லர் இழுக்க இந்த வண்டி வடிவமைக்கப்படவில்லை என்று ஒரே வரியில் போட்டிருக்கிறது. டிரெய்லர் மாட்டுகிற கொக்கியை ஒரு லேத் பட்டறையில் செய்து டிக்கியின் அடித்தகட்டில் போல்ட் போட்டிருந்தார்கள். ஸ்டெப்னி உட்காரும் இடத்தைச் சுற்றி அந்தத் தகடு ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருந்தது. அது தகடு, சேஸ் அல்ல. கியர்பாக்ஸுக்கு முன்னால் அது கழன்று படகு நாங்குநேரிச் சாலையில் தனியாக ஓடியிருந்தால் இந்தக் கட்டுரையின் பொருளே வேறாகியிருக்கும்.

சாலையில் என்ன நடந்தது

பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி வரை நான்குவழிச் சாலை. அங்கிருந்து பரப்பாடி, இட்டமொழி, திசையன்விளை வழியாக உவரி. பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. ஆடி மாதம் என்பதால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இருந்தது. காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, படகின் உயரமான பக்கவாட்டில் அடித்துக் காரையும் அசைத்திருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை என்றார். சில இடங்களில் என்ஜின் மூவாயிரம் ஆர்பிஎம்முக்கு ஏறி அங்கேயே நின்று இரைந்ததைப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

அந்த இரைச்சல் பயப்பட வேண்டியது இல்லை. சிவிடியில் தனித்தனிப் பல்சக்கரங்கள் கிடையாது. இரண்டு புல்லிகள், ஒவ்வொன்றும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புகள். நடுவே ஓர் எஃகு பெல்ட். கூம்புகள் நெருங்கினால் பெல்ட் வெளிப்பக்கம் ஏறும், விலகினால் உள்ளே இறங்கும், அதற்கேற்பக் கியர் விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். சுமை கூடினால் கம்ப்யூட்டர் என்ஜினைச் சக்தி நன்றாக வரும் ஆர்பிஎம்மில் நிறுத்திவைத்து விகிதத்தை மட்டும் மாற்றுகிறது. காதுக்குப் பழக்கமில்லாத சத்தம், அவ்வளவுதான்.

சமதளத் தார்ச்சாலையில் 760 கிலோ டிரெய்லரை உருட்ட, காற்றை விட்டுவிட்டால், பதினொரு பன்னிரண்டு கிலோ விசை போதும். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாக வேலை செய்யும் இணைப்பு டார்க் கன்வெர்ட்டர்; இந்த வேகத்தில் அதன் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டிக்கொள்ளும்; ஆயிலில் வீணாகும் சூடும் குறைவு. இதை வெறும் கணக்காகச் சொல்லவில்லை. சாலை வேகத்தில் முன்புல்லியின், அதாவது என்ஜின் பக்கத்துப் புல்லியின், வெளிவட்டத்தில்தான் பெல்ட் ஓடும். பிரித்தபோது அந்த வெளிவட்டம் கண்ணாடி மாதிரி இருந்தது, நகத்தால் தடவினாலும் ஒரு வரி தட்டுப்படவில்லை. நாசம் முழுக்க உள்வட்டத்தில், தண்டை ஒட்டிய ஒரு விரல் அகலப் பட்டையில் இருந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டுமே பெல்ட் உட்காரும் இடம் அது.

சரிவில் என்ன நடந்தது

காலையில் படகை இறக்கியதில் சிக்கல் இல்லை. சரிவு கீழ்நோக்கி, எடையே வேலையைச் செய்துவிட்டது. மதியம் திரும்பி வந்து படகை டிரெய்லரில் ஏற்றி, மேலே இழுக்கும்போதுதான் தொடங்கியது.

அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். போனில் மட்டம் பார்க்கும் செயலியை வைத்து அளந்தால் ஏழு டிகிரி, அதாவது எட்டுக்கு ஒன்று சரிவு. மேல்பாதி சரளை, கீழ்பாதி மணல். டிரெய்லருக்குப் போட்டிருந்த சக்கரங்கள் சின்னவை, டயரில் காற்று இறுக்கமாக இருந்தது. அதனால் அவை உருளாமல் மணலை உழுதிருக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2,120 கிலோவைச் சரிவில் தூக்க 265 கிலோ விசை. தளர்ந்த மணலில் டிரெய்லரை நகர்த்த அதன் எடையில் கால்பங்கு, 190 கிலோ. சரளையில் காரின் சொந்த உருளலுக்கு ஏறத்தாழ 65. கூட்டினால் 520 கிலோ. சாலையில் பன்னிரண்டு கிலோ கேட்ட அதே படகு, இங்கே எவ்வளவு கேட்கிறது என்று தெரிகிறதா?

இந்தக் காரின் முன்சக்கரங்களால் அதைக் கொடுக்க முடியாது. கொக்கியில் இறங்கும் படகின் பாரம் காரின் பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தைத் தூக்குகிறது. சரிவும் எடையைப் பின்னால் தள்ளுகிறது. முன் அச்சில் 600 கிலோ மிஞ்சினால் பெரிது. மணல் கலந்த சரளையில் டயர் பிடிப்பு அதில் பாதி. ஆக 300 கிலோவுக்கு மேல் இழுக்கப் பார்த்தால் டயர் சுற்றும். சுற்றியது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். டயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது கியர்பாக்ஸுக்குச் சுமை அதிகமில்லை. சுற்றுகிற டயர் திடீரென்று ஒரு கல்லைப் பிடிக்கிற நொடியில்தான் அடி விழுகிறது. வேகமாகச் சுழலும் சக்கரமும் தண்டும் சட்டென்று நிற்க, அந்த அதிர்ச்சி முழுவதும் பெல்ட்டுக்குப் போகிறது. பெல்ட்டைப் பிடித்திருப்பது பல் அல்ல, ஆயில் நனைந்த எஃகுக்கும் எஃகுக்கும் இடையேயான உராய்வு மட்டுமே. ஹைட்ராலிக் அழுத்தம் கூம்புகளை இறுக்கிப் பிடிக்கிறது, பிடிப்பு போதாத நொடியில் பெல்ட் வழுக்குகிறது. ஒருமுறை வழுக்கினால் கூம்பின் முகத்தில் ஒரு கீறல். கீறிய இடத்தில் அடுத்தமுறை இன்னும் சுலபமாக வழுக்கும். இவர்கள் டி, ஆர், டி, ஆர் என்று முன்னும் பின்னும் ஆட்டி வண்டியை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணக் கியர் வண்டியில் நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். சிவிடியில் அதைப்போல் கெடுதல் வேறில்லை. சக்கரம் நிற்பதற்கு முன் ஆர் போட்டால் அந்த அடி கிளட்சுக்கும் பெல்ட்டுக்கும் சேர்ந்தே விழுகிறது.

உவரியில் இருக்கும் அவருடைய மைத்துனர், "அத்தான், பனை மட்டையப் போட்டு ஒரே மிதியா மிதியுங்க, ஏறிரும்" என்றிருக்கிறார். சக்கரத்துக்கு முன்னால் பனை மட்டை, சாக்கு. பின்னால் தள்ள ஐந்தாறு பேர். டயர் பிடித்தது. வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. டயர் தப்பித்த அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் மாட்டிக்கொண்டது.

டார்க் கன்வெர்ட்டர் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கிறது. ஒருபக்கம் என்ஜின் சுற்ற, மறுபக்கம் ஏறக்குறைய அசையாமல் இருந்தால், என்ஜின் கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதி ஆயிலைக் கலக்கிச் சூடாக்குவதற்கே போகும். 2,200 ஆர்பிஎம்மில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று வைத்தால் 23 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் பதினொன்றை ஒரே நேரத்தில் ஆறு லிட்டர் ஆயிலுக்குள் போட்டதற்குச் சமம். ஆயில் ஏறத்தாழ ஐந்து கிலோ; அதை ஒரு டிகிரி சூடாக்க 10 கிலோஜூல் போதும். ஒரு நிமிடத்தில் சேரும் சூடு 1,380 கிலோஜூல். எல்லாம் ஆயிலிலேயே தங்கினால் ஒரே நிமிடத்தில் 138 டிகிரி ஏறும். கியர்பாக்ஸின் உலோகக் கூடும் குளிர்விப்பானும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன என்பதால்தான் ஒரு நிமிடம் தாங்குகிறது. ஊர்ந்து போகும் வண்டியில் ரேடியேட்டருக்குள் காற்று அடிப்பதும் கிடையாது, விசிறி ஒன்றுதான். வழக்கமாக இந்த ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருக்க வேண்டியது.

எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. ஸ்கேனரில் பி0218 பதிவாகியிருந்தது. கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடானதற்கான குறியீடு. விளக்கைப் பார்த்ததும் வண்டியை ஆஃப் செய்து ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆஃப் செய்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும். சூடான ஆயில் குளிர்விப்பானுக்குப் போகாமல் உள்ளேயே கிடக்கும். பி-யில் (பார்க்கிங்) போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, என்ஜினை ஐடிலில் ஓடவிட வேண்டும். பிறகு மறுபடி முயன்றபோது வண்டி ஒருமுறை குலுங்கியது, ஆர்பிஎம் ஐந்தாயிரத்துக்குப் பறந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

கயிறு

கடைசியில் கரையில் வள்ளங்களை ஏற்றுகிற டிராக்டர் வந்து படகையும் காரையும் தனித்தனியாக மேலே இழுத்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டிய டிராக்டர்.

அதன்பின், "நியூட்ரல்ல போட்டாச்சே, இழுத்தா என்ன" என்று ஒரு ஜீப்பில் கயிறு கட்டி, திசையன்விளை வரை எட்டு ஒன்பது கிலோமீட்டர் இழுத்திருக்கிறார்கள். கியர் வண்டியில் இது பெரும்பாலும் பிழையில்லை. நியூட்ரலில் பல்சக்கரங்கள் கீழே கிடக்கும் ஆயிலைத் தாங்களே வாரித் தெறித்துக்கொள்ளும். இந்த வகை சிவிடியில் நியூட்ரல் போட்டால் பிரிவது என்ஜின் பக்கம். புல்லிகளும் பெல்ட்டும் சக்கரத்தோடு சேர்ந்தேதான் சுற்றும். ஆயில் பம்பை ஓட்டுவதோ என்ஜின். என்ஜின் ஓடவில்லை என்றால் அழுத்தம் இல்லை, புல்லிக்கு வந்து விழும் ஆயிலும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை. அழுத்தம் இல்லாதபோது உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பெல்ட்டை முதல் கியர் போன்ற விகிதத்தில் தள்ளி வைக்கும். அந்த நிலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், சக்கரம் நிமிடத்துக்கு 265 சுற்று, அதை ஐந்தால் பெருக்கினால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் பின்புல்லி 1,300 சுற்று, இன்னும் இரண்டரை மடங்காக முன்புல்லி 3,300 சுற்று. என்ஜின் தூங்குகிற வண்டியில், நெடுஞ்சாலையில் ஓடுகிற ஆர்பிஎம்மில் ஒரு தண்டு வறண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்திருந்தவருக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது, கண்ணாடியை ஏற்றியிருந்தால்.

முன்புல்லித் தண்டின் பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது. எஃகு முந்நூறு டிகிரியை நெருங்கினால்தான் அந்த நிறம் வரும். ஆயிலின் சூடு மட்டும் அதைச் செய்யாது, வறட்சி வேண்டும். இரண்டாவது காயம் கயிற்றால் வந்தது என்று நான் சொல்வதற்கு இந்தப் பேரிங்தான் சாட்சி.

பிரித்தபோது கண்டது

ஆயில் பாத்திரத்தின் அடியில் இரண்டு காந்தங்கள் உண்டு. ஓடிய வண்டியில் அவற்றின்மேல் மை போன்ற சாம்பல் நிறப் பசை படிந்திருக்கும். விரலில் தேய்த்தால் வழவழவென்று போய்விடும். அது இயல்பான தேய்மானம். இங்கே காந்தத்தின்மேல் மயிர் போல நிமிர்ந்து நின்றது எஃகுத் துருவல். விரலில் குத்தியது. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது.

பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. சுமார் 400 மெல்லிய எஃகுத் துண்டுகள், அவற்றை இருபுறமும் கோத்துப் பிடிக்கும், காகிதம் போன்ற எஃகு வளையங்களின் அடுக்குகள். சைக்கிள் செயின் இழுத்து வேலை செய்கிறது. இது துண்டுக்குத் துண்டு தள்ளி வேலை செய்கிறது. ஹாலந்துக்காரரான ஹூப் வான் டோர்ன் 1958-இல் டாஃப் 600 காரில் ரப்பர் பெல்ட்டோடு கொண்டுவந்த யோசனை, எஃகு பெல்ட்டாக 1987-இல் சுபாரு ஜஸ்டி போன்ற கார்களில் விற்பனைக்கு வந்தது. அருமையான பொருள். இந்த வண்டியில் அந்தத் துண்டுகளின் ஓரங்கள், கூம்பைத் தொடும் இடத்தில், மினுமினுவென்று மழுங்கியிருந்தன. அங்கே நுண்ணிய வரிகள் இருக்க வேண்டும், பிடிப்பே அந்த வரிகளில்தான்.

பழைய பில்களைப் புரட்டினேன். 78,000 கிலோமீட்டரில் சிவிடி ஆயில் ஒருமுறையும் மாற்றப்படவில்லை. வண்டி வழக்கமாகப் போன சர்வீஸ் நிலையத்தில் "இது ஆயுள் முழுக்க ஓடும் ஆயில்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. உராய்வை நம்பி ஓடுகிற கியர்பாக்ஸில், அந்த உராய்வைக் கொடுப்பதே ஆயிலில் இருக்கும் சேர்மானம். அது சூட்டில் தேயும். பத்து டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பட்டறைகளில் எல்லாரும் பிடிக்கும் கணக்கு. நெல்லை வெயிலில், நகர நெரிசலில் ஓடும் வண்டிக்கு 40,000 கிலோமீட்டரில் மாற்றுவதுதான் முறை. புது ஆயில் இருந்திருந்தால் இந்தச் சரிவில் தப்பித்திருக்குமா? தப்பித்திருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் சேதம் பெல்ட்டோடு நின்றிருக்கலாம்.

சிவிடி இழுக்கவே கூடாதா

அப்படிச் சொன்னால் தவறு. 2013 மாடல் நிசான் பாத்ஃபைண்டர் அமெரிக்காவில் சிவிடியோடு 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ இழுக்க அனுமதி பெற்று விற்றது. சுபாரு தன் சிவிடியில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி போட்டு, அவுட்பேக்கை டிரெய்லர் இழுக்கத் தகுதியோடு விற்கிறது. ஆனால் அவை அதற்கென்றே பலமான கியர்பாக்ஸும் குளிர்விப்பானும் வைத்துச் செய்யப்பட்டவை. பாத்ஃபைண்டரும் 2022 மாடலில் சிவிடியை விட்டு ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டது. நம் ஊரில் ஓடும் சின்ன சிவிடி கார்களில் நான் பார்த்த கையேடுகள் எதுவும் இழுவைக்கு இடம் கொடுக்கவில்லை. கூடுதல் ஆயில் கூலர் போட்டால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். சூட்டைக் குறைக்கும். பெல்ட்டின் பிடிப்பைக் கூட்டாது, முன்சக்கரத்தின் எடையைக் கூட்டாது, பிரேக்கைக் கூட்டாது.

எப்படியோ ஒரு சிவிடி வண்டி கனத்த சுமையோடு ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால், கியர் லீவரை எல் (லோ) அல்லது எஸ் (ஸ்போர்ட்) நிலையில் போட்டு மெதுவாக, ஒரே சீராக ஏறப் பாருங்கள். சக்கரம் சுற்றத் தொடங்கினால் அந்த நொடியே காலை எடுங்கள். வண்டி நகராமல் என்ஜின் மட்டும் இரைந்தால், எண்ணிப் பத்து வினாடிக்கு மேல் மிதிக்க வேண்டாம். நின்றுபோனால் முன்சக்கரங்களைத் தூக்கும் அல்லது வண்டியையே ஏற்றும் ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்கள். கயிறு வேண்டவே வேண்டாம்.

இந்த வண்டிக்குப் புல்லி, பெல்ட், பேரிங் எல்லாம் தனித்தனியாகப் போடுவதைவிட, சீரமைத்த முழுக் கியர்பாக்ஸே மலிவாக வந்தது. அதற்கே ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. டார்க் கன்வெர்ட்டரும் ஆயில் கூலரும் புதிதாகவே போட்டோம். பழைய கூலரில் ஒளிந்திருக்கும் எஃகுத் துகள், புதுக் கியர்பாக்ஸையும் கொன்றுவிடும். டிக்கித் தகட்டின் வெடிப்பைப் பற்றவைத்து, கொக்கியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.

படகு இப்போது உவரியிலேயே, மைத்துனர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. மோட்டாரும் ஐஸ் பெட்டியும் மட்டும் டிக்கியில் போய் வருகின்றன. கரையில் ஏற்ற இறக்க டிராக்டருக்குக் கூலி கொடுக்கிறார். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் பாத்திரத்தைத் திறந்து பார்த்தோம். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை, துருவல் எதுவும் இல்லை. அடுத்த ஆயில் மாற்றத்துக்கான கிலோமீட்டரைக் கதவு இடுக்கில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.